பளபளப்புக்கு அடியில் பிடிப்பு: பற்சக்கரத்து போல்ட்டுகளின் கதை

நிறுத்தி வைத்திருக்கும் மோட்டார் சைக்கிள் ஒன்றின் பின்சக்கரத்தைச் சங்கிலி ஓடும் பக்கமாகக் குனிந்து பாருங்கள். சக்கரத்தின் குடத்தோடு ஒட்டியபடி பல் வைத்த வட்டத் தகடு ஒன்று இருக்கும். பட்டறைகளில் 'ஸ்ப்ராக்கெட்' என்று வழங்கும் பற்சக்கரம் இதுவே. பெரும்பாலான வண்டிகளில் நான்கு, ஐந்து அல்லது ஆறு போல்ட்டுகள் இதனைக் குடத்தோடு பிணைத்து வைத்திருக்கின்றன. எஞ்சினில் பிறக்கும் ஆற்றல் முழுவதும் சாலையைச் சென்று சேருமுன் இந்தச் சில போல்ட்டுகளின் பிடிப்பைக் கடந்தே ஆகவேண்டும்.

பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து, துரு நீக்கி, வர்ணம் தீட்டி, முலாம் பூசி, பிறந்த நாளில் இருந்த கோலத்துக்குக் கொண்டுவரும் ஆர்வலர்கள் இன்று பல ஊர்களிலும் இருக்கிறார்கள். மாதக் கணக்கில் உழைத்து உருவாக்கிய மெருகு, கடைசி நாளன்று ஒரு ஸ்பேனர் வழுக்குவதால் கெட்டுப்போவது அவர்களுக்கு நன்கு பழக்கமான துயரம். மெருகு கெடக்கூடாதே என்று அஞ்சி, போல்ட்டைப் போதிய அளவு முறுக்காமல் விட்டுவிடுவது அதனினும் பெரிய ஆபத்து. ஓடும் வண்டியில் பற்சக்கரம் தளர்ந்தால் சங்கிலி நழுவிச் சக்கரத்தில் சிக்கும், பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும், ஓட்டுபவர் சாலையில் வீசப்படுவார்.

அப்படியானால் அழகையும் பிடிப்பையும் ஒருங்கே காப்பது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை காண, சங்கிலி, மரை, முலாம் ஆகிய மூன்றின் வரலாற்றையும் சற்றே புரட்டிப் பார்க்க வேண்டும்.

சங்கிலியும் பல்லும்

பல் வைத்த சக்கரத்தில் சங்கிலி பூட்டும் எண்ணம் மிகப் பழையது. லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளிலேயே இத்தகைய சங்கிலிகளின் படங்கள் காணப்படுகின்றன. ஆனால் தேயாமல், இழுபடாமல் நெடுநாள் உழைக்கும் சங்கிலியைச் செய்வது எளிதாக இருக்கவில்லை. 1864-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்லேட்டர் என்பவர் உருளை வைத்த சங்கிலி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். ஸ்விட்சர்லாந்தில் பிறந்து மான்செஸ்டரில் குடியேறிய ஹான்ஸ் ரெனால்டு, ஸ்லேட்டரின் தொழிலை 1879-இல் விலைக்கு வாங்கினார். அடுத்த ஆண்டிலேயே அவர் ஒரு திருத்தத்தைச் செய்தார். ஊசிக்கும் உருளைக்கும் நடுவே ஒரு குழாய் போன்ற 'புஷ்' வைத்தார். தேய்மானம் ஒரு சிறு கோட்டில் விழாமல் அகன்ற பரப்பில் பரவியதால் சங்கிலியின் ஆயுள் பன்மடங்கு பெருகிற்று. இன்று உங்கள் வண்டியில் ஓடுவதும் அடிப்படையில் 1880-ஆம் ஆண்டின் அந்தச் சங்கிலிதான்.

1885-இல் ஜான் கெம்ப் ஸ்டார்லி காவென்ட்ரியில் உருவாக்கிய 'ரோவர்' சைக்கிள், பின்சக்கரத்தைச் சங்கிலியால் இயக்கிக் காட்டியது. தொடக்க கால மோட்டார் சைக்கிள்கள் பல தோல் வாரினால் ஓடின. மழையில் நனைந்தால் வார் வழுக்கும். மேட்டில் ஏறும்போது நழுவும். ஆகவே சைக்கிளின் சங்கிலி மெல்ல மெல்ல மோட்டார் சைக்கிளுக்கும் வந்து சேர்ந்தது. அமெரிக்காவின் 'இந்தியன்' வண்டி 1901-இலேயே சங்கிலியைக் கைக்கொண்டது.

சங்கிலி வழுக்காது என்பது அதன் பெருமை. அதுவே பற்சக்கரத்தின் போல்ட்டுகளுக்குச் சோதனையும் ஆயிற்று. தோல் வார் அதிர்ச்சியைத் தானே வழுக்கித் தணித்துவிடும்; சங்கிலி தணிக்காது. 350 சி.சி. அளவுள்ள ஒரு வண்டி முதல் கியரில் முழு வேகமாக இழுக்கும்போது, சங்கிலியில் ஏற்படும் இழுப்பு சுமார் 300 முதல் 400 கிலோ எடைக்குச் சமமாக இருக்கும் என்று கணக்கிடலாம். எஞ்சினின் ஒவ்வொரு வெடிப்புக்கும் இந்த இழுப்பு ஏறி இறங்கும். வேகத்தைக் குறைக்கும்போது திசையே மாறும்.

இந்த இழுப்பைத் தாங்குவது எது? போல்ட்டின் உடல் குறுக்கே நின்று தாங்குகிறது என்றுதான் பலரும் எண்ணுகிறோம். உண்மை வேறு. சரியாக முறுக்கிய இணைப்பில் போல்ட் ஓர் இழுத்த வில்லைப் போல நீண்டு நின்று, பற்சக்கரத்தையும் குடத்தையும் ஒன்றோடொன்று அழுத்துகிறது. அந்த அழுத்தத்தால் இரு முகங்களுக்கும் இடையே எழும் உராய்வுதான் சங்கிலியின் இழுப்பில் பெரும்பங்கைக் கடத்துகிறது. அழுத்தம் குறைந்தால் முகங்கள் மயிரிழை அளவு முன்னும் பின்னும் நகரத் தொடங்கும். அதன்பின் போல்ட் தேய்வதும், தளர்வதும், முறிவதும் நாள் கணக்கே.

மரை பேசிய பல மொழிகள்

பழைய வண்டியின் மெருகைக் கெடுக்கும் முதல் எதிரி பொருந்தாத ஸ்பேனர். பொருந்தாத ஸ்பேனர் ஏன் இத்தனை எளிதாகக் கைக்கு வருகிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு.

ஒரு காலத்தில் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடித்தபடி மரை வெட்டிக்கொண்டது. ஒரு பட்டறையின் போல்ட் இன்னொரு பட்டறையின் நட்டில் நுழையாது. மான்செஸ்டரின் ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளின் திருகாணிகளைச் சேகரித்து, அளந்து, சராசரி கண்டு, 1841-இல் ஒரே சீரான மரையை முன்மொழிந்தார். அதன் கோணம் 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-இல் 60 டிகிரிக் கோணத்தைக் கொண்ட வேறொரு மரையை முன்வைத்தார். தட்டையான முனை கொண்ட அது வெட்டுவதற்கு எளிதாக இருந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டனின் சைக்கிள் பொறியாளர்கள் தங்களுக்கென்று நெருக்கமான மரை ஒன்றை வகுத்தார்கள். அதன் கோணமும் 60 டிகிரி. 1908-இல் விட்வொர்த் கோணத்திலேயே நெருக்கமான மரை ஒன்றும் பிரிட்டிஷ் தரமாயிற்று.

இதன் விளைவைப் பாருங்கள். கால் அங்குல விட்டமுள்ள சைக்கிள் மரையில் ஓர் அங்குலத்துக்கு 26 இழைகள். கால் அங்குல பிரிட்டிஷ் நெருக்க மரையிலும் அதே 26 இழைகள்தான். ஆனால் ஒன்றின் கோணம் 60, மற்றொன்றின் கோணம் 55. பார்வைக்கு இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்றின் நட்டு மற்றொன்றில் சில சுற்றுகள் ஏறவும் ஏறலாம். பிறகு இறுகும். 'துரு போலும்' என்று பலம் கொடுத்து முறுக்கினால், மரை போய்விடும். முறுக்கிய வேகத்தில் ஸ்பேனர் வழுக்கி மெருகும் போய்விடும்.

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் திருகாணியும் அமெரிக்கத் திருகாணியும் பொருந்தாமல் நேச நாடுகள் பட்ட தொல்லை பெரிது. 1948-ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று நாடுகளும் 60 டிகிரிக் கோணத்தில் ஒன்றுபட்ட மரை ஒன்றுக்கு உடன்பட்டன. அதன் பின்னர் மெட்ரிக் மரை உலகெங்கும் பரவியது. ஆயினும் பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் பழைய மரைகள் நெடுங்காலம் நீடித்தன. ஒரே வண்டியில் மூன்று வகை மரைகளைக் காண்பது அரிதன்று.

இதில் நமக்கும் நேரடித் தொடர்பு உண்டு. ஊசித் தொழிலுக்குப் பெயர்பெற்ற ரெடிச் நகரில் வளர்ந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனத்தின் 'புல்லட்' வண்டி, 1955-இல் அமைந்த என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் வழியாகச் சென்னைக்கு வந்தது. ரெடிச் தொழிற்சாலை 1967-இல் மூடப்பட்ட பின்னும் திருவொற்றியூரில் புல்லட் உருவாகிக்கொண்டே இருந்தது. 1977-இல் அதே வண்டி பிரிட்டனுக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. ரெடிச்சிலிருந்து வரைபடங்களோடு பிரிட்டிஷ் மரைகளும் வந்தன. மெட்ரிக் மரைகள் படிப்படியாகவே இடம் பிடித்தன. பழைய புல்லட்டில் இன்னொரு தனித்தன்மையும் உண்டு. அதன் பின்பற்சக்கரம் பிரேக் உருளையோடு ஒன்றாகவே வார்க்கப்பட்டிருக்கும். பல் தேய்ந்தால் உருளை முழுவதையும் மாற்ற வேண்டும். தனியே போல்ட் போட்டுப் பிணைத்த பற்சக்கரம் எத்தனை வசதியானது என்பதை இந்த ஒப்பீட்டால் உணரலாம்.

ஸ்பேனரின் கணக்கு

பழைய பிரிட்டிஷ் ஸ்பேனர்களில் ஒரு விசித்திரம் உண்டு. அதில் பொறித்திருக்கும் எண் ஸ்பேனர் வாயின் அகலமன்று. அது பிடிக்க வேண்டிய போல்ட்டின் விட்டம். விட்வொர்த் முறையில் 1/4 என்று பொறித்த ஸ்பேனரின் வாய் 0.525 அங்குலம், அதாவது சுமார் 13.3 மில்லிமீட்டர். உங்களிடம் இருப்பது மெட்ரிக் ஸ்பேனர்கள் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். 13 எண் ஸ்பேனர் நுழையாது. 14 எண் ஸ்பேனர் நுழைந்துவிடும். ஆனால் அரை மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கும்.

இந்த இடைவெளியைச் சிறிது என்று எண்ணாதீர்கள். பொருத்தமான ஸ்பேனர் அறுகோணத் தலையின் தட்டையான பக்கங்களில் அகலமாகப் படிந்து தள்ளும். இடைவெளி உள்ள ஸ்பேனரோ சற்றே திரும்பி, முனைகளை மட்டும் தொட்டுத் தள்ளும். முழு விசையும் ஒரு கோடு போன்ற சிறு பரப்பில் விழும்போது அங்கே அழுத்தம் பல மடங்காகிறது. முதலில் முலாம் நசுங்கி உரிகிறது. அடுத்து முனை மழுங்குகிறது. மூன்றாவதாக ஸ்பேனர் வழுக்கி, பற்சக்கரத்தின் முகத்திலோ குடத்தின் மெருகிலோ கோடு கிழிக்கிறது.

ஆகவே வண்டியின் மரை எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். அதற்கென்று மரை அளவி என்னும் பல் வைத்த தகட்டுக் கொத்து கடைகளில் கிடைக்கும். பன்னிரண்டு முனை கொண்ட ரிங் ஸ்பேனரைக் காட்டிலும் ஆறு முனை கொண்ட சாக்கெட்டே மெருகுக்கு நல்லது. அது தட்டைப் பக்கத்தைத் தழுவிப் பிடிக்கிறது. சாக்கெட்டுக்கும் தலைக்கும் இடையே மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒன்றை வைத்தால் உலோகம் உலோகத்தை உரசாது. ஆனால் தாளை வைக்க இடம் தேடி, பெரிய சாக்கெட்டை எடுத்துவிடாதீர்கள்.

முலாம் பிறந்த கதை

போல்ட்டின் மேல் மின்னும் அந்தத் தோல் எங்கிருந்து வந்தது?

1800-இல் வோல்டா தமது மின்கலத்தை அறிவித்தார். ஐந்து ஆண்டுகளுக்குள் இத்தாலியில் புருக்னாடெல்லி மின்னோட்டத்தின் உதவியால் பொன் முலாம் பூசிக் காட்டினார். எவ்வளவு மின்சாரம் செலுத்தினால் எவ்வளவு உலோகம் படியும் என்ற விதியை 1830-களில் ஃபாரடே வகுத்தார். 1840-இல் பர்மிங்ஹாமின் எல்கிங்டன் குடும்பத்தார் மின்முலாம் பூசுவதற்குக் காப்புரிமை பெற்று, அதைப் பெருந்தொழிலாக்கினார்கள். 1869-இல் அமெரிக்காவில் ஐசக் ஆடம்ஸ் நிக்கல் முலாமுக்கு நல்ல வழி கண்டார். பழைய சைக்கிள்களும் தொடக்க கால மோட்டார் சைக்கிள்களும் சற்றே மஞ்சள் சாயல் கொண்ட நிக்கல் ஒளியில்தான் மின்னின. நீல ஒளி வீசும் குரோமியம் 1920-களில் வந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் காலின் ஃபிங்க் செய்த ஆய்வுகள் அதற்கு வழி திறந்தன.

குரோமியம் அழகுக்கு அரசன். ஆனால் காவலுக்கு அதை மட்டும் நம்ப முடியாது. அலங்கார குரோமியப் படலத்தின் தடிமன் ஒரு மைக்ரானிலும் குறைவு. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்களும் உண்டு. இரும்பைக் காப்பது அதற்கு அடியில் உள்ள நிக்கல் அடுக்கே. அந்த அடுக்கில் ஒரு கீறல் விழுந்து இரும்பு வெளிப்பட்டால், அந்த இடத்தில் துரு விரைந்து பரவும்.

துத்தநாகமும் காட்மியமும் வேறு வகை. இவற்றின் தத்துவத்தை விளக்க ஒரு கப்பல் கதை உதவும். பிரிட்டிஷ் போர்க்கப்பல்களின் அடிப்பாகத்தில் வேய்ந்த செப்புத் தகடுகள் கடல்நீரில் அரிந்து வந்தன. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி அவற்றோடு துத்தநாகம், இரும்பு ஆகியவற்றின் துண்டுகளை இணைக்கச் சொன்னார். துண்டுகள் கரைந்தன, செம்பு பிழைத்தது. (செம்பு கரையாததால் அதன் நச்சுத்தன்மை நீங்கி, கப்பலடியில் சிப்பிகள் குடியேறிக்கொண்டன என்பது தனிக்கதை!) இரண்டு உலோகங்கள் தொட்டுக்கொண்டு ஈரத்தில் இருந்தால், எளிதில் கரைவது தன்னைப் பலியிட்டு மற்றதைக் காக்கிறது. துத்தநாக முலாமில் சிறு கீறல் விழுந்தாலும் சுற்றியுள்ள துத்தநாகம் கரைந்து அடியிலுள்ள எஃகைக் காப்பது இதனால்தான்.

எனவேதான் பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் பற்சக்கரத்து போல்ட்டுகள் போன்றவை கண்ணைப் பறிக்கும் குரோமியத்தில் இல்லாமல், மங்கலான வெள்ளிச் சாம்பல் நிறக் காட்மியத்தில் இருந்தன. 1970-களின் ஜப்பானிய வண்டிகளில் வானவில் சாயலோடு மஞ்சளாக மின்னியது துத்தநாக முலாமும் அதன் மேல் இட்ட குரோமேட் படலமும் ஆகும். எல்லாப் போல்ட்டுகளுக்கும் குரோமியம் பூசிவிட்டால் வண்டி பழைய கோலத்துக்குத் திரும்பியதாகாது. அது அணிந்திராத நகையை மாட்டியதாகும்.

ஓர் எச்சரிக்கை. காட்மியம் நச்சு உலோகம். அதைப் பூசும் தொட்டிகளில் சயனைடு உப்புக்கள் பயன்பட்டன. பழைய காட்மிய போல்ட்டை அரைப்பதும், கம்பித் தூரிகையால் தேய்த்துத் தூசி கிளப்பும் வேலையும், தீயில் சூடாக்குவதும் கூடவே கூடாது. அதன் புகை நுரையீரலைத் தாக்கிக் கொல்லக்கூடியது. இக்காரணத்தால் இன்று பெரும்பாலும் துத்தநாகமே அதன் இடத்தைப் பிடித்துள்ளது.

நான்கு மடங்குக் கணக்கு

முலாம் பூசி வந்த போல்ட்டில் நட்டு ஏற மறுக்கிறதே, ஏன்? எளிய வடிவியல் இதற்கு விடை சொல்லும்.

மரையின் பக்கங்கள் சாய்வானவை. சாய்ந்த பக்கத்தின் மேல் செங்குத்தாக ஒரு மைக்ரான் முலாம் ஏறினால், 60 டிகிரி மரையில் ஆரம் இரண்டு மைக்ரான் பெருகும். விட்டம் நான்கு மைக்ரான் பெருகும். 8 மைக்ரான் துத்தநாகம் பூசினால் மரையின் விட்டம் 32 மைக்ரான் தடிக்கிறது. மரைகளுக்கு இடையே விட்டிருக்கும் தளர்வில் இது பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் நிக்கலும் குரோமியமும் சேர்ந்து 30 மைக்ரான் ஏறினால், விட்டம் 120 மைக்ரான் தடித்துவிடும். நட்டு ஏறாது, வலிந்து ஏற்றினால் முலாம் செதில் செதிலாக உரிந்து மரையை அடைக்கும். அலங்கார முலாம் வேண்டுமானால் தலைக்கு மட்டும் பூசி, மரையை மறைத்துவிடச் சொல்லுங்கள். முலாம் பட்டறையிலிருந்து வந்தவுடன் ஒவ்வொரு நட்டையும் விரலால் கடைசி வரை ஏற்றிப் பாருங்கள். விரலால் ஏறாத நட்டைப் பற்சக்கரத்தில் போடவேண்டாம்.

மறைந்திருக்கும் வாயு

1875-இல் டபிள்யூ. எச். ஜான்சன் என்பவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு வியப்பான செய்தியைத் தெரிவித்தார். அமிலத்தில் சிறிது நேரம் ஊறிய எஃகு, வளையும் தன்மையை இழந்து முறிகிறது; சில காலம் சென்றபின் பழைய தன்மை திரும்பி வருகிறது. எஃகுக்குள் புகுந்த ஹைட்ரஜனே இதற்குக் காரணம் என்று அவர் காட்டினார்.

இது மோட்டார் சைக்கிளுக்கும் பொருந்தும். துரு நீக்க அமிலத்தில் இடும்போதும், மின்முலாம் பூசும்போதும் ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி எஃகுக்குள் நுழைகிறது. சாதாரண எஃகு இதைத் தாங்கிக்கொள்ளும். தலையில் 10.9, 12.9 என்று பொறித்த கடின எஃகு போல்ட்டுகளுக்கே ஆபத்து மிகுதி. முறுக்கும்போது எதுவும் தெரியாது. சில மணி நேரமோ சில நாளோ கழித்து, வண்டி சும்மா நிற்கும்போதுகூடத் தலை தெறித்து விழலாம். இத்தகைய போல்ட்டுகளுக்கு முலாம் பூசிய சில மணி நேரத்துக்குள் சுமார் 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் வைத்து ஹைட்ரஜனை வெளியேற்றுவார்கள். குரோமேட் நிறம் ஏற்றுவது அதற்குப் பிறகே. முலாம் பட்டறையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். விடை திருப்தி தராவிட்டால், தொழிற்சாலையிலேயே முலாம் பூசி வந்த புதிய போல்ட்டுகளை வாங்கிப் போடுவது மேல்.

முறுக்கில் பத்தில் ஒன்பது

நீங்கள் ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கு விசை எங்கே போகிறது தெரியுமா? சுமார் பாதி, சுழலும் தலைக்கோ நட்டுக்கோ அடியில் உராய்வாகச் செலவாகிறது. மேலும் 40 விழுக்காடு மரைகளின் உராய்வில் போகிறது. போல்ட்டை நீட்டி இழுத்து அழுத்தம் தருவது எஞ்சிய 10 விழுக்காடு மட்டுமே.

இந்தக் கணக்கிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன.

முதலாவது, மெருகைச் சிதைப்பது எது என்பது. எந்தப் பக்கம் சுழல்கிறதோ, அந்தப் பக்கத்தில் உங்கள் உழைப்பின் பாதி தேய்த்து அரைப்பதற்கே செலவாகிறது. ஆகவே வெளியே தெரியும் பக்கத்தைச் சுழலவிடாமல் ஸ்பேனரால் அசையாது பிடித்துக்கொண்டு, மறைவான பக்கத்தில் உள்ளதைத் திருகுங்கள். சுழலும் பக்கத்தில் கடினமான தட்டை வாஷர் ஒன்றை வையுங்கள். தேய்மானத்தை வாஷர் ஏற்றுக்கொள்ளும். வண்டியின் அமைப்பு வாஷருக்கு இடம் தராவிட்டால் மட்டும் இதை விட்டுவிடலாம்.

இரண்டாவது, முலாமை மாற்றினால் பிடிப்பும் மாறும் என்பது. 8 மில்லிமீட்டர் போல்ட் ஒன்றை 25 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசையில் இறுக்குவதாகக் கொள்வோம். உலர்ந்த மரையில் உராய்வுக் காரணியைத் தோராயமாக 0.20 எனக் கொண்டால், போல்ட்டில் எழும் இழுவிசை சுமார் 15,600 நியூட்டன். மரையில் சிறிது எண்ணெய் பட்டுக் காரணி 0.15 ஆனால், அதே முறுக்கில் இழுவிசை 20,800 நியூட்டன். மேலும் வழுக்கி 0.12 ஆனால் 26,000 நியூட்டன். 8.8 தரமுள்ள 8 மில்லிமீட்டர் போல்ட் நிரந்தரமாக நீளாமல் தாங்கக்கூடியது சுமார் 21,000 நியூட்டன்தான். இரண்டு சொட்டு எண்ணெய் ஒரு நல்ல போல்ட்டை எல்லை தாண்டி இழுத்துவிடும்! காட்மியம் இயல்பாகவே வழுக்கும் தன்மையுடையது. துத்தநாகம் அவ்வளவு வழுக்காது. எனவே வண்டியின் கையேட்டில் மரை உலர்ந்திருக்க வேண்டுமா, எண்ணெய் இட வேண்டுமா என்று சொல்லியிருப்பதை அப்படியே பின்பற்றுங்கள். முறுக்கு அளவு காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம்.

வர்ணம் கூடாத இடம்

அழகை நாடுவோர் அடிக்கடி செய்யும் பிழை ஒன்று உண்டு. பற்சக்கரத்தையும் குடத்தையும் முழுவதுமாகப் பவுடர் வர்ணத்தில் மூழ்கடித்துவிடுவார்கள். பவுடர் வர்ணப் படலத்தின் தடிமன் சாதாரணமாக 60 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். அது பிளாஸ்டிக் வகையைச் சேர்ந்தது. போல்ட்டின் அழுத்தத்தில் அது மெல்ல மெல்லப் பிதுங்கி ஒதுங்கும். போல்ட் நீண்டிருந்த அளவே மிகச் சிறியது; படலம் பிதுங்கினால் அந்த நீட்சி சுருங்கி, அழுத்தம் மறைந்துவிடும். நட்டு ஒரு சுற்றும் சுழலாமலே இணைப்பு தளர்ந்துவிடும்.

ஆகவே பற்சக்கரம் குடத்தில் படியும் வளைய முகம், போல்ட் தலையும் வாஷரும் உட்காரும் வட்டங்கள், போல்ட் துளைகளின் உட்புறம் ஆகிய மூன்று இடங்களையும் வர்ணம் பூசுமுன் மறைத்துவிட வேண்டும். இணைத்தபின் இவை வெளியே தெரியப்போவதும் இல்லை.

எவர்சில்வர் ஆசை

துருவே பிடிக்காத எவர்சில்வர் போல்ட்டுகளைப் போட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். 1913-இல் ஷெஃபீல்டில் ஹாரி பிரியர்லி துருப்பிடிக்காத எஃகை உருவாக்கியது பெரும் சாதனைதான். ஆனால் கடைகளில் பொதுவாகக் கிடைக்கும் 70 தர எவர்சில்வர் போல்ட், சதுர மில்லிமீட்டருக்கு 450 நியூட்டன் அளவிலேயே நிரந்தரமாக நீளத் தொடங்கும். 8.8 தர எஃகு போல்ட் 640 நியூட்டன் வரை தாங்கும். மேலும், எவர்சில்வர் மரைகள் ஒன்றோடொன்று உரசிப் பற்றிக்கொண்டு நடுவழியில் பூட்டிக்கொள்ளும் இயல்புடையவை. அலுமினியக் குடத்தில் எவர்சில்வரைப் பொருத்தி உப்புக் காற்றில் ஓட்டினால், டேவியின் கப்பல் கதையில் துத்தநாகம் கரைந்ததைப் போல இங்கே அலுமினியம் கரையும். எஞ்சின் மூடியின் சிறு திருகுகளுக்கு எவர்சில்வர் இருக்கட்டும், பற்சக்கரத்துக்கு வேண்டாம்.

வேலை செய்யும் ஒழுங்கு

இதுவரை கண்டவற்றை வேலை வரிசையில் தொகுத்துப் பார்ப்போம்.

சக்கரத்தைத் தடித்த துணியின் மேல் கிடத்துங்கள். படியும் முகங்களைத் துடைத்து, ஒரு மணல் துகளும் இல்லாதபடி செய்யுங்கள். பற்சக்கரம் தட்டாமல் கையாலேயே உட்கார வேண்டும். துளைகள் நேர்படாவிட்டால் போல்ட்டைச் சுத்தியலால் அடித்து இறக்காதீர்கள்; காரணத்தைத் தேடுங்கள். எல்லாப் போல்ட்டுகளையும் விரலால் ஏற்றுங்கள். பிறகு எதிரெதிராக, முதலில் மூன்றில் ஒரு பங்கு, அடுத்து மூன்றில் இரண்டு பங்கு, இறுதியில் முழு அளவு என மூன்று கட்டங்களாக இறுக்குங்கள். ஒரே பக்கமாக இறுக்கினால் தகடு சாய்ந்து உட்காரும்.

தளராமல் பூட்டும் மடிப்புத் தகடுகள் உங்கள் வண்டியில் இருந்தால், ஒவ்வொரு முறையும் புதியதைப் போடுங்கள். ஒருமுறை மடித்து நிமிர்த்திய தகடு மறுமுறை விரிந்து உடையும். உளி கொண்டு அடித்து மடிப்பது மெருகைக் கெடுக்கும் இன்னொரு வழக்கம். அகன்ற வாயுள்ள குறட்டின் பற்களில் துணி நாடா சுற்றி அழுத்தி மடித்து, பின்னர் செப்புத் துண்டு ஒன்றை இடையில் வைத்து மெதுவாகத் தட்டி, தகடு அறுகோணப் பக்கத்தோடு ஒட்டியிருக்கும்படி செய்யுங்கள்.

மரைப் பிசின் போடுமாறு கையேடு சொன்னால் அதையும் அறிந்து போடுங்கள். 1953-இல் அமெரிக்கப் பேராசிரியர் வெர்னான் கிரீபிள் தொழிலாக்கிய இப்பசை, காற்று இல்லாத இடத்தில் உலோகத்தைத் தொட்டால் மட்டுமே இறுகும். துத்தநாக முலாமின் மேல் இது மெதுவாகவே இறுகுவதால், தூண்டு திரவமோ கூடுதல் நேரமோ தேவை. பசையும் மரையை வழுக்கச் செய்யும் என்பதை முறுக்கு அளவில் மறக்கக்கூடாது.

இறுக்கி முடித்தபின் நட்டின் மீதும் பக்கத்துத் தகட்டின் மீதும் சேர்த்து மெல்லிய வர்ணக் கோடு ஒன்றை இழுத்துவிடுங்கள். நூறு கிலோமீட்டர் ஓடியபின் குனிந்து பாருங்கள். கோடு நேராக இருந்தால் நட்டு சுழலவில்லை. பசை இடாத இணைப்பானால் டார்க் ரெஞ்சை அதே அளவில் வைத்து ஒருமுறை சோதியுங்கள். கோடு உடைந்திருந்தாலோ, போல்ட்டைச் சுற்றிச் செந்நிறப் பொடி படிந்திருந்தாலோ, இணைப்பு உள்ளே அசைகிறது என்று பொருள். அப்போது மேலும் முறுக்கிச் சமாளிக்காமல், பிரித்து, முகங்களைப் பார்த்து, போல்ட்டுகளை மாற்றுங்கள்.

மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 70 மைக்ரான். நீங்கள் காக்க முயலும் துத்தநாகத் தோல் அதில் எட்டில் ஒரு பங்கு அளவே. பொருத்தமான ஸ்பேனரும், அசையாமல் பிடித்த தலையும், ஒரு வாஷரும் அந்த மெல்லிய தோலைக் காக்கப் போதும். இத்தனைக்குப் பிறகும் ஒரு முனையில் சிறு கீறல் விழுந்தால் கலங்க வேண்டாம். சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைக் கரைத்து அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ளும். போதிய அளவு முறுக்காமல் விட்ட போல்ட்டைக் காக்கத்தான் எந்த முலாமும் இல்லை.